சிவப்புப் புள்ளி வைத்த நாள்கள்

சுவரில் ஜனவரி மாதத்தைக் காணவில்லை.

அமுதவள்ளிதான் முதலில் பார்த்தாள். விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு சாமி விளக்கேற்ற வந்தவள், பக்கத்துச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் பிப்ரவரியைக் காட்டிக்கொண்டு தொங்குவதைக் கண்டு தீப்பெட்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"தங்கமணி...! மாசம் முடிய இன்னும் பத்து நாள் கெடக்கு. அதுக்குள்ள கிழிச்சிட்டியா? நடக்கிற மாசத்த யாராவது கிழிப்பாங்களா? இந்தக் குடும்பம் எப்படி வெளங்கும்?"

அடுப்படியில் நின்ற தங்கமணி பதில் சொல்லவில்லை. வாசுவைக் கட்டிக்கொண்டு கிள்ளான் நகரில் இந்த வீட்டுக்குள் நுழைந்து பதினேழு வருடமாகிறது. அவன் அக்காள் அமுதவள்ளிக்குப் பதில் சொல்லி ஜெயித்தது ஒரு நாளும் இல்லை. ஆனால் இன்றைக்கு அவள் வேலைக்குப் போகும் சட்டையில் இல்லை. தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையில் இருந்தாள். கைப்பைக்குள் ஐந்து மாதத்துக் காலண்டர் தாள்கள் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. செப்டம்பர் முதல் ஜனவரி வரை. ஒவ்வொரு தாளிலும் புள்ளிகள்.

சிவப்புப் புள்ளி என்றால் அன்று மகள் விஷ்ணுப்ரியாவுக்குத் தலைவலி. புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நீலப் புள்ளி, காலையில் சாப்பிடாத நாள். எழுதியே வைக்கலாம்தான். ஆனால் தங்கமணிக்கு எழுத்து என்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமான வேலை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளோடு உட்கார்ந்து மறுபடி 'அ' போட்டவள். 'தலைவலி' என்று நாலு எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் கையுறைத் தொழிற்சாலை பஸ் போய்விடும். புள்ளி என்றால் ஒரு குத்து.

அந்தப் புள்ளிகளைப் பார்த்து அமுதவள்ளி பக்கத்து வீட்டில் சொன்னது வேறு. "நான் எத்தன தடவ வையிறேன்னு என் தம்பி பொண்டாட்டி காலண்டர்ல குறிச்சு வைக்கிறா... பாத்துக்குங்க!" அது காதுக்கு வந்தபோது தங்கமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதைக் குறிப்பதென்றால் ஒரு நாளைக்கு ஒரு தாள் பற்றாது!

"ஊமையா நின்னா? சேல கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு அண்ணி. இன்னைக்குத்தான் பிரியாவுக்குத் தேதி."

அமுதவள்ளியின் கையிலிருந்த தீக்குச்சி அணைந்தது.

"என்ன சொன்ன...? விரதத்துல இருக்கிற புள்ளைய... பொணம் கெடக்கிற எடத்துக்கா?"

மார்கழி பிறந்த அன்றைக்கு அமுதவள்ளி வேண்டிக்கொண்டிருந்தாள். பிரியாவின் தலைவலி தீர, தைப்பூசத்துக்குப் பிரியாவே பால்குடம் எடுப்பாள் என்று. நாற்பத்தெட்டு நாள் விரதம். விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும். பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. சாவு வீடு, ஆஸ்பத்திரி, தீட்டு வீடு எதற்கும் போகக்கூடாது. இன்று முப்பத்தேழாம் நாள். அண்ணி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் தங்கமணிக்குப் பெரிய கஷ்டம். கெட்டவளோடு சண்டை போடலாம். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

"நாலு மாசம் காத்திருந்த தேதி அண்ணி..."

"பதினோரு நாள் பொறுக்க முடியாதா உன்னால? பூசம் முடியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ. வாசு...! டேய் வாசு! வந்து கேளு உன் பொண்டாட்டி பண்றத!"

வாசு துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். இருபது சக்கர வண்டியைப் பின்னால் எடுத்துக் கோடு பிசகாமல் நிறுத்துவான். வீட்டில் அக்காளுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு சைக்கிளை நிறுத்தக்கூட அவனுக்கு இடம் தெரியாது. பத்து வயதில் பெற்றோரை இழந்தவனைத் தையல் கடையில் குனிந்து குனிந்து வளர்த்தவள் அக்கா. புருஷன் போனபிறகு அவள் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் குரல் உயர்ந்தால் அவன் தலை தானாகக் குனியும்.

"ஏன் தங்கமணி... அக்கா சொல்றதும் சரிதான? வேற டேட் வாங்கிக்கலாம் லா."

"வேற தேதின்னா மே மாசம்ங்க! ஸ்கூல் தொறந்து ஒம்பது நாள்ல அஞ்சு நாள் போகல. போன வருஷமே ரெண்டு சூராட் அமாரான், எச்சரிக்கை லெட்டர், வந்திருச்சு. நேத்து டீச்சர் போன் பண்ணி, 'உங்க மக நடிக்கிறாளா, நல்லா விசாரிங்க'ன்னு கேக்கிறாங்க. நான் என்னான்னு சொல்றது? சொல்லுங்க!"

வாசு தரையைப் பார்த்தான்.

உள்ளறையில் பிரியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பதினைந்து வயது. ஜன்னலில் அவளே போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்குகிறதாம். கட்டிலருகே வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியைக் கழுவிக் கழுவியே தங்கமணியின் ஐந்து மாதம் போயிருந்தது.

"ம்மா... சண்ட வேணாம்மா. நான் போகல. சத்தம் போடாம இருங்க, அது போதும்..."

அந்தச் சொல்தான் தங்கமணியைக் கிளப்பியது. மகளைக் கைத்தாங்கலாக எழுப்பி, வெயிலுக்குத் தொப்பியை மாட்டி, வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

அமுதவள்ளி கதவை மறித்தாள்.

"இந்தப் படியத் தாண்டினா... திரும்பி வரும்போது நான் இங்க இருக்க மாட்டேன். ரவாங்குல என் மவன் ராஜன் வீடு இருக்கு. சாமி குத்தத்த நீயே செமந்துக்கோ!"

"செமந்துக்கிறேன் அண்ணி. பழகின முதுகுதான்."

பதினேழு வருடத்தில் அவள் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. சொல்லிவிட்டு மகளோடு படியைத் தாண்டினாள்.

ஆஸ்பத்திரியில் எண் எடுத்து மூன்று மணி நேரம் ஆயிற்று. கூடத்தில் குழாய் விளக்குகள் வெள்ளையாக எரிந்தன. எந்நேரமும் எங்கோ ஒரு பிள்ளை அழுதது. பிரியா தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"கண்ணு பவர் செக் பண்ணீங்களா அக்கா?" என்றாள் ஒருத்தி. பண்ணியாயிற்று. கண் நன்றாக இருக்கிறது.

"ஹேன்போன் லா... இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் ஹேன்போன்!" என்றார் ஒரு பெரியவர், தன் ஹேன்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"முட்டைய மூணு சுத்து சுத்திப் போடுங்க ஆன்டி. என் தங்கச்சி மகளுக்கு உடனே கேட்டுச்சு."

தங்கமணி எல்லாருக்கும் தலையாட்டினாள். ஐந்து மாதமாக ஊரே வைத்தியம் சொல்கிறது. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பிள்ளையைக் கேட்டதில்லை. நல்ல மார்க் எடுத்தபோது 'கெட்டிக்காரி' என்றவர்கள்தான் இப்போது 'நடிக்கிறா' என்கிறார்கள். கைகால் ஒடிந்திருந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். இந்த வலியை எங்கே கட்டுப் போட்டுக் காட்டுவது?

எண் கூப்பிடும் நேரத்துக்கு வாசு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

"லீவு போட்டுட்டேன். அக்காதான் போகச் சொல்லுச்சு... என்கூடவே கார்ல வந்திருக்கு. கேட்டுக்கு வெளிய மரத்தடியில நிக்கிது. விரதம்ல... உள்ள வராது."

ரவாங்குக்குப் போகிறேன் என்றவள் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்திருக்கிறாள்! தங்கமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நிரஞ்சனி சின்ன வயதுக்காரி. பிரியாவைப் பார்த்ததும் முதலில் எழுந்து போய் அறை விளக்குகளில் பாதியை அணைத்தாள். ஐந்து மாதத்தில், யாரும் கேட்காமலே பிரியாவுக்காக விளக்கை அணைத்தவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் பிரியாவிடம்தான் பேசினாள். எங்கே வலிக்கிறது, எப்படித் தொடங்குகிறது, கண்ணில் பளிச்சென்று ஏதாவது தெரியுமா, வாந்திக்குப் பிறகு குறையுமா... கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கோட்டில் நடக்கச் சொன்னாள். முழங்காலில் தட்டினாள்.

"ஒரு மாசத்துல எத்தன நாள் வலி வருதும்மா? தோராயமா?"

தங்கமணி பயந்துகொண்டே ரப்பர் பேண்டைக் கழற்றினாள். தாள்கள் மேசைமேல் விரிந்தன. ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் மேலே சிவப்பும் நீலமும்.

டாக்டர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள்.

"இத யாரு போட்டது?"

"நான்தான் டாக்டர்... தப்பா? எனக்கு எழுத வராது, அதான்..."

"தப்பா? இந்த மாதிரி ஒண்ணு கொண்டாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்மா. பத்துப் பேர்ல ஒருத்தர் கொண்டாந்தா பெருசு!" டாக்டர் விரலை வைத்துக்கொண்டே போனாள். "இங்க பாருங்க. நீலப் புள்ளி வந்தா அன்னைக்கோ மறுநாளோ சிவப்பு. சாப்பிடாம இருந்தா வருது. திங்கக்கிழமை திங்கக்கிழமை வருது... சனி ஞாயிறு லேட்டா தூங்கி லேட்டா எந்திரிப்பீங்களா பிரியா? ம்ம். அக்டோபர்ல எட்டு நாள். நவம்பர்ல ஒம்பது. டிசம்பர் பாதியிலேருந்து..."

டிசம்பர் பாதியிலிருந்து தாள் ஒரே சிவப்பு. ஜனவரியில் வெள்ளையான நாளே இல்லை.

"டிசம்பர் நடுவுல என்ன மாறுச்சு?"

"விரதம்" என்றாள் தங்கமணி மெதுவாக.

"சரி. வலி மாத்திரை? வாரத்துல எத்தன நாள் குடுப்பீங்க?"

"ரெண்டு நாள்தான் டாக்டர். ரொம்ப முடியலன்னாத்தான் குடுப்பேன்."

பிரியா தொப்பிக்குள் முகத்தைத் தாழ்த்தினாள்.

"பிரியா... நீங்க சொல்லுங்க."

"அத்தையும் குடுப்பாங்க" என்றாள் பிரியா. "காலையில குளிச்சதும் ரெண்டு. விரதத்துல தாங்காதுன்னு... தெனமும். அம்மாட்ட சொல்லாதே, வைவாங்கன்னு சொன்னாங்க."

வாசு தொண்டையைக் கனைத்தான். கனைத்தவன் அதோடு நிற்கவில்லை. "நானும்... டியூஷன் விட்டுக் கூட்டிட்டு வரும்போது... வண்டியில எப்பவும் மாத்திரை இருக்கும். புள்ள மொகத்தப் பாக்க முடியாம... ரெண்டு..."

"எத்தன நாள் அங்கிள்?"

"டியூஷன் இருக்கிற நாள் எல்லாம்."

தங்கமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே வீடு. ஒரே பிள்ளை. மூன்று பேர் மூன்று மூலையிலிருந்து, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் பாசத்தை மாத்திரையாக ஊட்டியிருக்கிறார்கள்!

டாக்டர் கோபப்படவில்லை. "இது நெறைய வீட்டுல நடக்கிறதுதான். பிரியாவுக்கு வர்றது ஒத்தத் தலைவலி. நடிப்பு இல்ல. மூளையில கட்டிக்கான அறிகுறியும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா வலி மாத்திரைய இத்தன நாள் விடாம போட்டா, மாத்திரையே தலவலியக் கூட்டிட்டு வரும். வலிக்குதுன்னு போட, போட்டதால வலிக்க... இது ஒரு சக்கரம். இத நிறுத்தணும். இன்னைலேருந்து வலி மாத்திரை கிடையாது. மொத ஒரு வாரம் பத்து நாள் இன்னும் மோசமாத்தான் இருக்கும். எல்லாரும் தாங்கணும். அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல கூடாது. அதையும் ஒரே ஆள்தான் குடுக்கணும். அம்மாதான் குடுக்கணும்."

இன்னும் சொன்னாள். காலையில் எழுந்ததும் சாப்பாடு. தண்ணீர் போத்தலைப் பள்ளிக்கூடத்திலும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஒரே நேரத்துக்குத் தூங்கி ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். வலி இருந்தாலும் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. தாமதமாகவாவது போகட்டும், முடியாவிட்டால் அங்கேயே ஓர் அறையில் அரைமணி படுக்கட்டும். டீச்சருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா? பெரும்பாலும் வழிவழியா வரும்."

"எங்க பக்கம் இல்ல டாக்டர்" என்றாள் தங்கமணி.

"எங்க பக்கமும் யாருக்கும் இல்ல" என்றான் வாசு.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவன் திரும்பினான். "வீட்டுல இருக்கிறவ நீ. அக்கா தெனமும் குடுக்கிறது உனக்கே தெரியலையா?"

நடைபாதை என்றும் பாராமல் தங்கமணி நின்றுவிட்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி கையுறை அடுக்குகிறவள் வீட்டில் இருக்கிறவளாம்!

"உங்க வண்டியில மாத்திரை இருந்தது எனக்குத் தெரியலங்க. அது உங்களுக்காவது தெரியும்ல?"

அவன் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மரத்தடியில் காருக்குள் அமுதவள்ளி கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசு சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"அப்போ நான்தான் புள்ளைக்கு வெஷம் வச்சேன்... அப்படித்தான? சொல்லிருங்கடா! முப்பத்தேழு நாள் அவளுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தண்ணி எடுத்து வச்சவ நான்! இப்ப விரதமும் போச்சு. நேந்துகிட்ட கடன் என்னாகிறது? முருகனுக்கு யாரு பதில் சொல்றது? டாக்டரம்மா வந்து சொல்வாளா?"

"நான் சொல்றேன் அண்ணி."

"நீயா?"

"மொத நாள்லேருந்து நானும் ஒரு வேளதான் சாப்பிடறேன். நீங்க பிரியாவக் குளிப்பாட்டிட்டுப் போனப்புறம் நானும் அந்தத் தண்ணியிலதான் குளிக்கிறேன். நடுவுல அவளால முடியாமப் போச்சுன்னா, முருகன் முன்னால நிக்க ஒரு ஆள் வேணும்ல... அதான். ஆஸ்பத்திரிக்குள்ள போன குத்தத்தையும் அவர்கிட்டயே சொல்லிக்கிறேன். பால்கொடத்த நான் எடுக்கிறேன்."

தொழிற்சாலையில் இரண்டு முறை மயங்கிச் சாய்ந்ததை அவள் சொல்லவில்லை. ஆனால் வாசுவுக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். சாவியைத் திருகுமுன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

அமுதவள்ளி ரவாங்குக்குப் போகவில்லை. பேசவும் இல்லை.

டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியா கட்டிலில் துடித்தாள். கூரைத் தகரம் கொதித்தது. பக்கத்து வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டே பாட்டுப் போட்டார்கள். வாசு சுவரேறிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டு வந்தான். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டும் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணும்மா... ஒரே ஒரு மாத்திர... உங்க கால்ல விழறேன்மா...!"

பெற்றவளிடம் பிள்ளை காலில் விழுகிறேன் என்கிறது! தங்கமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லடா... முடியாதுடா கண்ணு... தண்ணி குடி" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து கொட்டியது.

கதவு திறந்தது. அமுதவள்ளி நின்றாள். கைப்பை திறந்திருந்தது.

"நகரு."

"வேணாம் அண்ணி."

"நகருடி! கல்நெஞ்சக்காரி... பெத்த புள்ள கெடந்து துடிக்கிது, மாத்திரைய வச்சுக்கிட்டுப் பாத்துட்டு நிக்கிற! நீ ஒரு தாயா?"

தங்கமணி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். மூன்று நாளைக்கு முன்னால் அண்ணி மறித்த அதே மாதிரி, இப்போது இவள் மறித்தாள்.

"தாய்தான் அண்ணி. அதனாலதான் நிக்கிறேன். இன்னைக்குக் குடுத்தா மூணு நாளு பட்டது எல்லாம் வீணாப் போயிரும். மறுபடி மொதல்லேருந்து அவதான் படணும்... நானும் நீங்களும் இல்ல!"

"உனக்கு என்னடி தெரியும் அந்த வலியப் பத்தி...?" அமுதவள்ளியின் குரல் கிழிந்தது. "எனக்குத் தெரியும்டி! எனக்குத் தெரியும்...!"

கைப்பை கையிலிருந்து நழுவியது. தரையில் சிதறின மாத்திரை அட்டைகள்... ஒன்று, இரண்டல்ல. பாதி தின்றது, முழுதாக இருப்பது, நசுங்கியது. ஒரு பிள்ளைக்காக வாங்கியதாக அது தெரியவில்லை.

தங்கமணி அட்டைகளைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். விடியற்காலையில் தலையில் இறுக்கிக் கட்டும் துண்டு ஞாபகம் வந்தது. மாதத்தில் நாலைந்து நாள், "தூக்கம் வருது, யாரும் கூப்பிடாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வது ஞாபகம் வந்தது. வீடே அதைக் கோபம் என்று நினைத்திருந்தது.

"அண்ணி... உங்களுக்குமா?"

அமுதவள்ளி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பதிமூணு வயசுலேருந்து..." என்றாள். "எங்கம்மா நடிக்கிறேன்னு கன்னத்துல அறைஞ்சாங்க. வாத்தியார் வெயில்ல முட்டி போட வச்சாரு. ஸ்கூல விட்டுட்டேன். அப்புறம் வாசுவ வளக்கணும்... தையல் மிஷின் சத்தத்துல மண்ட பொளக்கும். மாத்திரையப் போட்டுட்டு மிதிப்பேன். கல்யாணம் ஆனப்ப சொல்லிருந்தா, நோயாளியத் தலையில கட்டிட்டாங்கன்னு பேசிருப்பாங்க. சொல்லல. யாருகிட்டயும் சொல்லல தங்கமணி... நாப்பது வருஷமாச்சு. எம்புட்டு சாமி கும்பிட்டேன்! இவளுக்கு வந்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு... எங்கிட்டேருந்துதான் போயிருக்குன்னு. அதான் நேந்துகிட்டேன். அதான் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்..."

வாசு கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். 'எங்க பக்கம் யாருக்கும் இல்ல' என்று டாக்டரிடம் சொன்ன வாய் திறந்தபடி இருந்தது.

கட்டிலில் பிரியா ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அத்தையைப் பார்த்தாள்.

"அத்தை... உங்களுக்கும் கண்ணுக்குப் பின்னாலயா? இந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்தான்டி என் தங்கம்... அதே எடம்தான்..."

"வெளிச்சம் பட்டா...?"

"ஊசி குத்துற மாதிரி..."

அவ்வளவுதான். பிரியா தட்டுத்தடுமாறி இறங்கி வந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாற்பது வருடமாக இறுகியிருந்த அந்த உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. "நடிக்கலன்னு எனக்கு ஒருத்தராவது சொல்லிருந்தா... ஒரே ஒருத்தர்..." என்று அமுதவள்ளி விசும்பினாள். "அத நானாவது இவளுக்குச் சொல்லிருக்கணும்... சொல்லலியே... ஸ்கூலுக்குப் போடீ போடீன்னு நானும்தான வெரட்டினேன்..."

தங்கமணி ஈரத்துணியை நீட்டினாள். அண்ணி வாங்கித் தன் நெற்றியில் போட்டுக்கொள்ளவில்லை; பிள்ளையின் நெற்றியில் போட்டாள். தங்கமணி இன்னொரு துணியை நனைத்துவந்து அண்ணிக்குத் தானே போட்டுவிட்டாள். பதினேழு வருடத்தில் அவள் அந்தத் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அமுதவள்ளி நாற்காலி போட்டு ஏறி, டாக்டரிடமிருந்து திரும்பி வந்த ஜனவரித் தாளைக் காலண்டரில் செலோடேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோணலாகத்தான் ஒட்டியது.

"நடக்கிற மாசம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "சுவத்துல இருக்கட்டும்."

தைப்பூசத்தன்று தங்கமணிதான் பத்துமலை முருகன் கோயில் படியேறினாள். பால்குடம் தலையில், காலில் செருப்பில்லை. பிரியா வீட்டிலேயே மூன்று தோசை தின்றுவிட்டு, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கூட வந்தாள். மேளச் சத்தம் அதிகமாகும் இடங்களில் அத்தை தன் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டு நடந்தாள். வாசு குடை பிடித்தான். பாதி நேரம் அதைப் பிள்ளைக்குப் பிடிப்பதா மனைவிக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் தானே நனைந்தான், வேர்வையில்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மறுவாரம் பிரியாவுக்கு இரண்டு நாள் வலி வந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பத்து மணிக்குத்தான் போனாள், ஆனால் போனாள். கடிதத்தைப் படித்த டீச்சர், "சரி பாப்போம்" என்று மட்டும் சொன்னார். தங்கமணிக்கு அந்த 'பாப்போம்' பிடிக்கவில்லை. பிப்ரவரித் தாளில் சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை நாள்கள் விழுந்திருந்தன. அவள் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் அவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அப்படி ஒரு திங்கட்கிழமைக் காலை அவள் பேனாவை எடுத்தபோது, பின்னால் அமுதவள்ளி வந்து நின்றாள். தலையில் துண்டு இறுகக் கட்டியிருந்தது. கண்கள் சுருங்கியிருந்தன.

"தங்கமணி..."

"என்ன அண்ணி?"

"எனக்கும் ஒண்ணு வை."

தங்கமணி திரும்பிப் பார்த்தாள். அமுதவள்ளி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எல்லாம் அள்ளி அவள் கையில் வைத்தாள்.

"பெரியவங்களுக்கும் அந்த மாதிரி டாக்டர் இருப்பாங்கல்ல...? வெறுங்கையோட போனா என்ன கேப்பாங்கன்னு தெரியல. எனக்கும் அஞ்சு மாசம் போட்டு வை. செவப்பு அவளுது. எனக்குப் பச்சை வை."

தங்கமணி பிரியாவின் பென்சில் பெட்டியிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்துவந்து ஒரு குத்துக் குத்தினாள். பிறகு நீலப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"காலையில சாப்பிட்டீங்களா அண்ணி?"

"இன்னும் வெளக்கே ஏத்தல... வெளக்கேத்தாம எப்படி...?"

வெளியே தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது. தங்கமணி நீலப் பேனாவை மூடி வைத்தாள். அடுப்படிக்குப் போய், தனக்கென்று சுட்டு வைத்திருந்த ரொட்டியைத் தட்டோடு கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"வெளக்க நான் ஏத்துறேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."